கழுத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

வாங்குமுன்... (மாதாந்திரப் பகுதி)



தையல் இயந்திரம், தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி என வீட்டுக்கு வேண்டிய பொருள்களைப் பற்றியே இப்பகுதியில் எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் வந்த ஒரு கடிதம் நம்மைக் கடலுக்கு அழைத்துச் செல்கிறது. கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சபர் சென்ற அவருடைய மகன் ஜித்தாவில் பணிபுரிகிறார். செங்கடலில் முறைப்படி மூழ்கப் பயின்று, சான்றிதழும் பெற்றுள்ளார். வெள்ளிக்கிழமை மாலைகளில் நண்பர்களுடன் கடலுக்குச் செல்வது அவருடைய வழக்கம். இப்போது, நாடு திரும்பும் ஒருவர் தம்மிடமுள்ள இரண்டு அலுமினிய சிலிண்டர்களை மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறாராம். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஊருக்குக் கொண்டுவந்து, சங்கு குளிக்கும் மாமன் மகனுக்குக் கொடுக்க மகன் விரும்புகிறார்.

"என் மாமனார் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். கயிற்றை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார். இவன் எதை நம்பி இறங்குகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அலுமினியம்தானே, பயமில்லை என்கிறான். தாங்கள் விளக்க வேண்டும்" என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நில்லாமல், சிலிண்டரின் கழுத்தருகே பொறித்துள்ள எழுத்துகளை மகனைப் படிக்கச் சொல்லி, தொலைபேசியில் கேட்டு எழுதியும் அனுப்பியிருக்கிறார். அவர் செய்த இச்செயலே இக்கட்டுரையின் பாதி என்று சொல்லலாம். அந்த எழுத்துகளுக்குப் பிறகு வருவோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நம் ஊர்களில் இதனை "ஆக்ஸிஜன் சிலிண்டர்" என்றே கூறுகிறோம். செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதுகின்றன. பொழுதுபோக்காக மூழ்குவோர் பெரும்பாலும் முதுகில் சுமப்பது நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றைத்தான். வடிகட்டி, ஈரம் நீக்கி, பெரும் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். தனி ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு 6 மீட்டருக்குக் கீழே செல்வது உயிருக்கே ஆபத்தானது. அந்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும். எனவே மருத்துவமனை சிலிண்டரையோ, பட்டறை சிலிண்டரையோ இதற்கு மாற்றாக ஒருபோதும் எண்ணுதல் கூடாது.

இனி, அலுமினியத்தைப் பற்றிப் பார்ப்போம். அலுமினியம் என்றதும் கல்யாண வீட்டுத் தேக்சா நம் நினைவுக்கு வரும். இலேசானது, எளிதில் நசுங்குவது என்று எண்ணுவோம். மூழ்குவோரின் சிலிண்டர் அத்தகையதன்று. மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த கலப்பு உலோகக் கட்டி ஒன்றை அச்சில் இட்டு அழுத்தி, ஒட்டோ தையலோ இல்லாத ஒரே குழலாகப் பிதுக்கி எடுத்து, கழுத்தைக் குவித்து, பின்னர் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். சுவரின் கனம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். எஃகைவிட அலுமினியத்தின் வலிமை குறைவு என்பதால் இவ்வளவு கனம் தேவைப்படுகிறது.

உலகின் பெரும்பாலான மூழ்கு நிலையங்களில் காணப்படுவது "அலுமினியம் 80" எனப்படும் அளவாகும். 80 கன அடி என்று பெயர் பெற்றிருப்பினும், அது கொள்வது 77 கன அடிக்குச் சற்று அதிகம். அதாவது சுமார் 2,200 லிட்டர் காற்று. அதன் உட்கொள்ளளவோ 11 லிட்டர்தான். கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல இருநூறு மடங்கு அழுத்தி அடைப்பதாலேயே இது இயலுகிறது. வெறுமையாக இருக்கும்போது அதன் எடை ஏறத்தாழ 14 கிலோ. அதே அளவு காற்றைக் கொள்ளும் எஃகு சிலிண்டர் பெரும்பாலும் இதைவிடச் சற்று இலகுவாகவே இருக்கும் என்பது பலர் அறியாத செய்தி.

அப்படியாயின் அலுமினியத்தை ஏன் நாட வேண்டும்? விலை குறைவு, எஃகைப் போல் துருப்பிடிப்பதில்லை. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய படலம் உண்டாகி, அடுத்துள்ள உலோகத்தைக் காக்கிறது. ஆனால் ஒரு குறையும் உண்டு. உள்ளிருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. நிறைந்த சிலிண்டரில் அது ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ. காற்றுத் தீரத் தீர அந்த எடை குறைகிறது. நிறைந்திருக்கும்போது நீரில் அமிழும் அலுமினிய சிலிண்டர், தீரும் தறுவாயில் 2 கிலோ அளவுக்கு மிதக்கத் தொடங்கும். கரைக்கு அருகில் வந்து நிதானமாக நின்று ஏற வேண்டிய நேரத்தில் அது ஆளை மேலே தூக்கிவிடும். ஆகவே இடுப்பில் கட்டும் ஈயத்தின் அளவை, காற்றுத் தீர்ந்த நிலையைக் கருதியே நிர்ணயிக்க வேண்டும்.

எந்த அளவு வாங்குவது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். கடலில் நிதானமாக நீந்தும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்காவதால், அங்கே நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும். 2,200 லிட்டரில் கால் பங்கை ஆபத்துக்கென ஒதுக்கி வைத்தால் எஞ்சுவது 1,650 லிட்டர். ஏறக்குறைய 27 நிமிடங்கள். இந்தக் கணக்கில் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் அடங்கும். நடுத்தர உடலமைப்பு உடையவருக்கு இந்த அளவே தகும். சிறிய உருவமுடையோர் சிறிய அளவையும் எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒன்று உள்ளது. முகமூடி, காற்றுச் சீராக்கி, ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவி ஆகியவை உடலோடும் உயிரோடும் நெருங்கியவை. அவற்றைச் சொந்தமாக வைத்திருத்தல் நன்று. சிலிண்டரோ எல்லா மூழ்கு நிலையங்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஓர் ஆய்வு, ஐந்தாண்டுக்கு ஒரு சோதனை, வால்வுப் பராமரிப்பு ஆகிய அனைத்துச் செலவுகளும் நிலையத்தைச் சேர்ந்தவை. மாதம் ஓரிரு முறை மட்டும் கடலுக்குச் செல்லும் ஒருவர், இரண்டாண்டு வாடகையையும் வாங்கும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், புதியது வாங்குவதே மேல். பழையதை வாங்குவோர் வண்ணத்தையும் பளபளப்பையும் பாராமல், கழுத்தை ஒட்டிய தோள் பகுதியில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். இப்போது அந்தத் தாய் அனுப்பிய எழுத்துகளுக்கு வருவோம். இரண்டு சிலிண்டர்களிலும் அனேகமாக ஒரே விதமாகவே இருக்கின்றனவாம்: "டி.ஓ.டி. 3ஏஎல் 3000", அடுத்து ஒரு தொடர் எண், அடுத்து "5 – 86", சற்றுத் தள்ளி "9 – 03".

இதனை இவ்வாறு படிக்க வேண்டும். டி.ஓ.டி. என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை. 3ஏஎல் என்பது ஒட்டில்லாத அலுமினிய சிலிண்டருக்கு அத்துறை வகுத்த தரம். 3000 என்பது நிரப்பக்கூடிய அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. பார் கணக்கில் 207. "5 – 86" என்பது 1986 மே மாதம் நடந்த முதல் சோதனையைக் குறிக்கும். அதுவே அதன் பிறந்தநாள். "9 – 03" என்பது 2003 செப்டம்பரில் நடந்த மறு சோதனை. அதன் பிறகு எந்த முத்திரையும் இல்லை.

அமெரிக்க விதிப்படி இத்தகைய சிலிண்டரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். நீர் நிறைந்த உறைக்குள் சிலிண்டரை இறக்கி, அதனுள்ளும் நீரை நிரப்பி, 5,000 பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றுவார்கள். உலோகம் சற்று விரியும். அழுத்தத்தை விட்டதும் சுருங்க வேண்டும். விரிந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பாமல் தங்கிவிட்டால் அந்தச் சிலிண்டர் தள்ளுபடி. இது தவிர ஆண்டுதோறும் வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு இறக்கிப் பார்த்து, ஒரு சான்று ஒட்டுவது மூழ்கு நிலையங்களின் வழக்கம். நம் கடிதத்திலுள்ள சிலிண்டர்கள் 2003க்குப் பின் சோதனையையே காணாதவை.

அதைவிடப் பெரிய கேள்வியை 1986 என்ற ஆண்டு எழுப்புகிறது. அக்காலத்தில் பல அலுமினிய சிலிண்டர்கள் 6351 எனும் எண் கொண்ட கலப்பு உலோகத்தால் செய்யப்பட்டன. நெடுங்காலம் அழுத்தத்தைத் தாங்கி நின்ற சிலவற்றில், கழுத்தின் மரையிலும் தோளின் உட்புறத்திலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி மெல்ல வளர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை காற்றுக் கசிந்து தம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டன. மிகச் சில, நிரப்பும்போது வெடித்துச் சிதறின. லக்ஸ்ஃபர் நிறுவனம் தன் அமெரிக்க ஆலையில் 1988 நடுப்பகுதி வரையிலும், பிரிட்டன் ஆலையில் 1995 வரையிலும் இவ்வுலோகத்தைப் பயன்படுத்தியது. பின்னர் 6061 எனும் உலோகத்துக்கு மாறிவிட்டது. காட்டலினா நிறுவனம் தொடக்கம் முதலே 6061ஐப் பயன்படுத்தி வந்தது. 6351 உலோகத்தாலான மூழ்கு சிலிண்டர்களை ஒவ்வொரு ஐந்தாண்டுச் சோதனையின்போதும், கழுத்து வெடிப்பைக் கண்டறியும் சுழல் மின்னோட்டக் கருவியால் ஆராய வேண்டும் என்று 2007 முதல் அமெரிக்காவில் விதி நடைமுறைக்கு வந்தது. தேறியவற்றில் தேதிக்கு அருகே "வி.இ." என்ற முத்திரை இடுவார்கள். 2003இல் கடைசியாகச் சோதித்த சிலிண்டரில் அம்முத்திரை எவ்வாறு இருக்க முடியும்?

தயாரிப்பாளர் பெயரைக் கடிதத்தில் எழுத விட்டுப்போயிருக்கிறது. ஆகவே இவை அந்த உலோகத்தைச் சேர்ந்தவை என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் இத்தனை ஆண்டுகள் சோதனை இன்றிக் கிடந்த, அந்தக் காலத்துச் சிலிண்டருக்கு நமது விடை ஒன்றே: வாங்க வேண்டாம். பொறுப்புள்ள நிலையம் எதுவும் இவற்றை இந்நிலையில் நிரப்பித் தராது. 1990க்கு முற்பட்ட அலுமினிய சிலிண்டர் என்றால் சோதனைச் சான்று இருந்தாலும் நிரப்ப மறுக்கும் நிலையங்கள் பல உள்ளன. நிரப்ப முடியாத சிலிண்டர் எந்த விலையிலும் மலிவு ஆகாது.

அன்புத் தாயே, இங்கே தங்கள் கவனத்துக்கு இன்னொன்றையும் கொண்டுவர விரும்புகிறோம். தாங்கள் மகனை நினைத்து அஞ்சினீர்கள். இத்தகைய சிலிண்டர் வெடிப்பது பெரும்பாலும் நிரப்பும்போதுதான். அப்போது அதன் அருகே நிற்பவர் தங்கள் மகன் அல்லர். கூலிக்குக் காற்றுப் பம்பு இயக்கும் ஒரு தொழிலாளி. அவரும் சபர் வந்த பிள்ளையாக இருக்கலாம். அவருக்கும் ஊரில் ஒரு தாய் இருப்பார். "எப்படியோ ஓரிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் மகன் இதை எடுத்துரைக்கட்டும். அவர் அறியாமலும் இருக்கக்கூடும். குறையை மறைத்து விற்பது ஆகாது என்பதைப் போல, குறை தெரிந்தும் வாய்மூடி நகர்ந்து, அடுத்தவர் வாங்கட்டும் என்று விட்டுவிடுவதும் முறையன்று. சோதனை நிலையத்தில் ஒப்படைத்தால் காற்றை வெளியேற்றி, மீண்டும் பயன்படாதவாறு அழித்துத் தருவார்கள்.

வேறு நல்ல பழைய சிலிண்டர் கிடைக்குமானால் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

தோளில் உள்ள தேதிகளை வரிசையாகப் படியுங்கள். கடைசிச் சோதனை ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும். சோதனைக் காலம் முடிந்திருந்தால், விற்பவர் செலவில் சோதித்து, தேறிய பின்னரே பணம் கொடுங்கள்.

பள்ளம், ஆழமான கீறல், புடைப்பு, நெருப்புப் பட்ட அடையாளம் இருந்தால் விலகுங்கள். புதிதாக வண்ணம் பூசியிருந்தால் எவ்வாறு பூசப்பட்டது என்று கேளுங்கள். சூளையில் வைத்துச் சுடும் தூள் வண்ணம் ஆபத்தானது. 175 பாகைக்கு மேற்பட்ட சூடு அலுமினியத்தின் பதத்தைக் கெடுத்துவிடும். அவ்வாறு சூடுபட்டது மீண்டும் பயன்பாட்டுக்கு உரியதன்று.

அடியிலுள்ள ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். உப்புநீர் அங்கேதான் தேங்கும்; வெள்ளைப் பொடியும் குழிகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வால்வின் மரையை நிபுணர் சரிபார்க்கட்டும். முக்கால் அங்குல மரையும் 25 மில்லிமீட்டர் மரையும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். ஒன்றின் வால்வை மற்றொன்றின் கழுத்தில் திருகினால் ஏறிக்கொண்டது போலவே இருக்கும். அழுத்தம் ஏறும்போது துப்பாக்கிக் குண்டுபோல் பறந்துவிடும். மேலும், வால்வு பித்தளை, கழுத்து அலுமினியம். உப்புநீர் பட்டால் இவ்விரண்டும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். ஆண்டுதோறும் கழற்றிப் பூட்டுவதன் அவசியம் இதுவே.

வாங்கிய பின் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்றை முற்றிலும் தீர்த்துவிடாமல் சிறிது மிச்சம் வையுங்கள். இல்லையெனில் ஈரம் உள்ளே புகும். நிற்க வைத்த சிலிண்டர் குழந்தைகள் மீது சாயாதவாறு கட்டி வையுங்கள். நிறைந்த சிலிண்டரைக் கோடை வெயிலில் மூடிய காருக்குள் விடாதீர்கள். 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடேறினால் உள்ளழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உயரும்.

நிரப்பும் காற்றும் நீங்கள் விலை கொடுத்து வாங்கும் பொருளே. பம்பு உள்ளிழுக்கும் குழாய் எஞ்சின் புகைக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆழத்தில் அது ஆளை மயக்கிவிடும்.

கடைசியாக, ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்தைப் பற்றிக் கூறவேண்டும். நம் நாட்டில் எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016 நடைமுறையில் உள்ளன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி ஏற்ற வகையைச் சேராத சிலிண்டரை இறக்குமதி செய்வதோ, நிரப்புவதோ கூடாது. பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பரிசுப் பொருள் அன்று இது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சங்கு குளிக்கும் மாமன் மகனுக்கு இதைக் கொடுப்பதில் சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. மூச்சடக்கி மூழ்குபவர், மேலிருந்து இழுத்த காற்றையே நெஞ்சில் சுமந்து சென்று திரும்புகிறார். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரியும், அதற்குமேல் விரியாது. சிலிண்டரிலிருந்து 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தவர் மூச்சை அடக்கியபடி மேலே வந்தாலோ, அந்தக் காற்று இரு மடங்காகும், நுரையீரல் கிழியும். மூச்சை அடக்குவது சங்கு குளிப்பவரின் உடம்பில் ஊறிய பழக்கம். அவரைக் காத்து வந்த அந்தப் பழக்கமே சிலிண்டருடன் இறங்கினால் அவருக்கு எமனாகிவிடும். அதிக நேரம் ஆழத்தில் தங்கி விரைந்து ஏறுவோருக்கு, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியிட்டு மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோயும் உண்டு. கால்கள் செயலிழந்து போவோரும் உண்டு. ஆகவே பயிற்சி பெறாத ஒருவர் கையில், அவர் எவ்வளவு தேர்ந்த சங்கு குளிப்பவராயினும், சிலிண்டரைக் கொடுத்தல் கூடாது. உறவினருக்கு உதவ விரும்பினால், முதலில் பயிற்சிக்கு அனுப்ப மகன் உதவட்டும்.

அன்புத் தாயே, இவன் எதை நம்பி இறங்குகிறான் என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் மாமனார் மைத்துனரின் கையை நம்பி இறங்கினார். தங்கள் மகன், தாம் நேரில் காணாத பலருடைய வேலையை நம்பி இறங்குகிறார்: வார்த்தவர், சோதித்தவர், வால்வைப் பூட்டியவர், காற்றை நிரப்பியவர். அவர்கள் தம் கடமையைச் செய்தார்களா என்பதற்கு உள்ள சான்று, அந்தத் தோளில் பொறித்த சில எண்கள். அவற்றைக் கேட்டு எழுதி அனுப்பிய தாங்கள் சரியான இடத்தையே பார்த்திருக்கிறீர்கள். இந்த இதழை மகனுக்கு அனுப்பி வையுங்கள். விற்பவருக்கும் ஒரு பிரதி கிடைத்தால் நல்லது.

அடுத்த மாதம், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வாங்குவது பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.